சின்னக் கட்டை அறுக்கப் பேண்ட் சா வாங்கும் முன்

மறுபடியும் அதே புகார். மாதிரி ரயில் கட்டுகிற ஒருவர், புதிதாக வாங்கிய பேண்ட் சாவை, அதாவது இரண்டு சக்கரங்களில் நாடா மாதிரி பிளேடு சுற்றும் அறுவை எந்திரத்தை, தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "நேராவே அறுக்க மாட்டேங்குது சார், ஒரு குச்சிகூட உருப்படியா வரலை" என்றார். எந்திரத்தோடு பெட்டியில் வந்த பிளேடைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. கோளாறில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதிக்கு எந்திரம் எந்த வகையிலும் பொறுப்பில்லை. 0.6 மி.மீ. தடிமனில் வழவழப்பான சட்டம் நேரடியாக வர வேண்டும் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். எந்தப் பேண்ட் சாவும் அதைத் தராது. அவருடைய கட்டைவிரலில் கட்டு போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான், இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பேண்ட் சாவின் வேலை, கட்டையைப் பிளந்து ஏடாக்குவது. அந்த ஏட்டை அளவான சட்டமாக்க வேறு எந்திரங்கள் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மாதிரி ரயிலில் எச்.ஓ. (HO) என்ற அளவு 1:87. அசலில் ஓர் அங்குலம் அங்கே 0.29 மி.மீ. இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் 0.58க்கு 1.17 மி.மீ. ஆகிவிடும். ஓர் அடிச் சதுர உத்திரம்கூட 3.5 மி.மீ. தான். 1:160இல் வரும் 'என்' (N) என்ற அளவில் அதே சட்டத்தின் தடிமன் 0.32 மி.மீ. இப்போது பிளேடுக்கு வருவோம். 14 அங்குலச் சக்கரம் கொண்ட சாவில் ஓடும் சாதாரண பிளேடின் உடல் சுமார் 0.64 மி.மீ. அதன் பற்களை இடமும் வலமும் சாய்த்திருப்பதால், மரத்தில் அது தின்னும் அகலம் ஏறக்குறைய 1 மி.மீ. நீங்கள் கேட்கும் சட்டத்தைவிடப் பிளேடு தின்னும் தூள் அதிகம்!

"தூள் போனால் போகட்டும், சட்டம் கிடைத்தால் போதும்" என்பார்கள். அறுத்த முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். பல் ஓடிய வரிகள் தெரியும். நல்ல பிளேடு போட்டு, பொறுமையாகத் தள்ளினாலும் வரிகள் இருக்கவே செய்யும். மேசை நாற்காலி செய்பவர் அதை இழைப்புளியால் ஓர் இழுப்பில் எடுத்துவிடுவார். உங்களுக்கு அப்படி முடியாது. 0.15 மி.மீ. உயர வரியை 87ஆல் பெருக்கினால் 13 மி.மீ. வரும். உங்கள் சரக்குக் கொட்டகையின் பலகை ஒவ்வொன்றிலும் அரை அங்குல மேடு இருக்கிறது என்று அர்த்தம். வண்ணம் அடித்தால் அது மறையாது, இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அதனால் சரியான வரிசை இப்படிப் போகும். பேண்ட் சாவில் 1.3 மி.மீ. அளவுக்கு ஏடு அறுங்கள். அதைத் தடிமன் தேய்ப்பானில் விட்டு, இரண்டு பக்கமும் தேய்த்து 0.58க்குக் கொண்டு வாருங்கள். பிறகு சிறிய டேபிள் சாவில், பல் சாய்வு இல்லாத 0.5 மி.மீ. வட்ட பிளேடு போட்டு, 1.17 அகலத்துக்குச் சீவுங்கள். 25 மி.மீ. கனமுள்ள கட்டையிலிருந்து இந்த வழியில் கிடைப்பது 11 ஏடு. மீதி எல்லாம் தூள். அந்தச் சேதாரத்துக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பேண்ட் சா உங்களுக்கு வேண்டாம்.

என்னிடம் யோசனை கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான். ஓர் எந்திரத்துக்குத்தான் வழி இருக்கிறதென்றால் சிறிய டேபிள் சாவை வாங்குங்கள். தேய்த்துத் தயாராக விற்கும் பாஸ்வுட் என்ற மென்மரத்து ஏட்டை வாங்கி அதில் சீவிக்கொள்ளுங்கள். நீளமான மரப் பாலம் கட்டுபவர், பேரிக்காய் மரம் மாதிரி கடையில் ஏடாகக் கிடைக்காத மரம் வேண்டும் என்பவர், பழைய கட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பவர், 1:22.5 போன்ற பெரிய அளவில் கட்டுபவர் ஆகியோருக்குத்தான் பேண்ட் சா உண்மையில் பயன்படும்.

வாங்குவதென்று முடிவு செய்தாயிற்றா? அப்படியானால் குதிரைத்திறனைக் கேட்டு ஏமாறாதீர்கள். உங்கள் வேலைக்கு எந்த மோட்டாரும் போதும். 300 மி.மீ. உயரம் அறுக்கும் என்ற விளம்பரமும் உங்களுக்கு ஆகாது. 80, 90 மி.மீ. உயரமே தாராளம். உயரத்தைக் கூட்ட இடையில் கட்டை வைத்து நீட்டும் வசதியை லேசான சட்டகத்தில் செய்தால், பிளேடை இழுத்து முறுக்கேற்றும்போது சட்டகமே வளைந்து கொடுக்கும். முறுக்கில்லாத பிளேடு மரத்துக்குள் போனதும் தன் வழியில் திரியும். கடையில் முழு முறுக்கேற்றச் சொல்லிவிட்டு மேல் கையை அழுத்திப் பாருங்கள். பிளேடை நேராக ஓடவிடும் மேல் கைடை ஏற்றி இறக்கும்போது பிளேடை விட்டு அது விலகிப் போகிறதா என்றும் பாருங்கள். மலிவான எந்திரங்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான்.

அந்தச் சாவுக்கு என்ன நீளத்தில் பிளேடு, அந்த நீளம் எளிதாகக் கிடைக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். சின்னச் சாக்கள் சிலவற்றின் பிளேடு நீளம் விசித்திரமாக இருக்கும். எந்திரம் நன்றாக இருந்தும் பிளேடு கிடைக்காமல் மூலையில் கிடக்கும். 9 அங்குலச் சக்கரத்தில் தடித்த பிளேடைப் போடவும் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, பல்லுக்கு அடியிலுள்ள குழியில் விரிசல் விட்டு அறுந்துவிடும். அந்தச் சக்கரத்துக்கு 0.36 மி.மீ. பிளேடு பொருந்தும். இரும்பு அறுக்கும் பேண்ட் சாவை வாங்கி வந்து "மரத்துக்கும் ஆகுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அதன் வேகம் மரத்துக்கு மிகவும் குறைவு.

பல் நெருக்கமாக இருந்தால் வழவழப்பாக அறுக்கும் என்ற நம்பிக்கையும் பல பிளேடுகளைக் கெடுத்திருக்கிறது. அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடை 75 மி.மீ. உயரக் கட்டையில் விட்டால், ஒரே நேரத்தில் 41 பல் மரத்துக்குள் இருக்கும். தூள் வெளியேற இடமில்லாமல் குழிகள் அடைத்துக்கொள்ளும். பிளேடு சூடாகிப் பீப்பாய் வயிறு மாதிரி ஒரு பக்கம் பிதுங்கும். ஏடு மேலும் கீழும் ஓர் அளவு, நடுவில் வேறோர் அளவு என்று வரும். கட்டை பிளக்க அங்குலத்துக்கு 3, 4 பல் போதும். மெல்லிய ஏட்டைக் குறுக்கே நறுக்க மட்டும் நெருங்கிய பல் வேண்டும். அப்போதும் மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு பிளேடாவது வாங்கி வையுங்கள். ஓடும்போது சீராக டிக் டிக் என்று கேட்டால், பிளேடைப் பற்றவைத்த இடம் சரியில்லை. ஒவ்வொரு தட்டலும் ஏட்டில் ஒரு கோடாக விழும், எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பிளேடைத் திருப்பிக் கொடுங்கள்.

இனி விரல்கள். பேண்ட் சா மரத்தை மேசையோடு சேர்த்துக் கீழே அழுத்தும். டேபிள் சா மாதிரி ஆள் மேல் திருப்பி எறியாது. இந்த நல்ல குணத்தை நம்பித்தான் எல்லோரும் அலட்சியமாகிறார்கள். அது கட்டையை எறியாது என்பதற்காக விரலை விட்டுவிடப் போவதில்லை.

மேசை நடுவிலுள்ள ஓட்டை பெரிது. மெல்லிய சீவல் அதற்குள் நழுவி, கீழ்ச் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்கி, பிளேடையே கழற்றிவிடும். அதைப் பிடிக்கத்தான் விரல் அனிச்சையாகப் போகிறது. என்னிடம் வந்தவரின் கட்டைவிரல் அப்படித்தான் போனது. மெல்லிய பிளைவுட் துண்டை ஓடும் பிளேடாலேயே பாதி வரை வெட்டி, சாவை நிறுத்திவிட்டு, துண்டை மேசை மேல் ஒட்டி, அதன் மேல் வேலை செய்யுங்கள். பிளேடு அளவுக்குத்தான் பிளவு இருக்கும். எதுவும் உள்ளே விழாது.

உருண்டைக் குச்சியை வெறுங்கையால் பிடித்து நறுக்கவே நறுக்காதீர்கள். பாலத்துத் தூணுக்கும் மரக்கட்டைச் சுமைக்கும் இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அடியில் தாங்கல் இல்லாத உருளையைப் பிளேடு கவ்வித் திருகும். குச்சி சுழலும்போது கையும் உள்ளே போகும். வெட்டுப் பள்ளம் போட்ட கட்டையில் வைத்து, இறுக்கிப் பிடித்து நறுக்குங்கள். சிறு துண்டானால் இருபக்கப் பசை நாடாவால் பெரிய பலகையில் ஒட்டி, பலகையைத் தள்ளுங்கள். கடைசி ஓர் அடியைத் தள்ளுகுச்சியால்தான் தள்ள வேண்டும். மேல் கைடு மரத்துக்கு மேல் 6 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். ஓடும் சாவுக்கு முன்னால் கையுறை கூடாது. நூல் ஒன்று மாட்டினால் கையே போகும். பிளேடு மாற்றும்போது மட்டும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும். நிற்கும் வரை காத்திருங்கள், தயவுசெய்து.

தூளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 1995இல் சேர்த்தது. வெஸ்டர்ன் ரெட் சிடார் மரத்தூள் ஆஸ்துமாவையும் வரவழைக்கும். கட்டையில் பாதிக்கு மேல் தூளாக்கும் வேலை உங்களுடையது. உறிஞ்சியை மாட்டுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகள் தூங்கும் அறையில் சாவை வைக்காதீர்கள்.

வாங்கப் போகும்போது, 50 மி.மீ. உயரத்தில் முடிச்சில்லாத கட்டை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நல்ல பிளேடு போடச் சொல்லி, 1.5 மி.மீ. தடிமனில் ஓர் ஏடு அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் வெர்னியரால் அளந்து பாருங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், கைடையும், கட்டையைச் சாய்த்துத் தள்ளும் ஓரத் தடுப்பான ஃபென்ஸையும் சரிசெய்து இன்னொரு ஏடு அறுக்கச் சொல்லுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த எந்திரத்தைப் பாருங்கள்.