ஒற்றைச் சேவலால் நலியும் நாட்டுக்கோழி

நல்ல பெருவிடைச் (பெரிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி வகை) சேவல் ஒன்று, பெட்டை பத்து. அந்தச் சேவலின் மகனையே அடுத்த தலைமுறைக்கும் விடுகிறோம். சில தலைமுறைகளில் கூமுட்டை கூடுகிறது, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகிறது, பிழைத்த குஞ்சுக்கும் எடை ஏறுவதில்லை. தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் சேவலின் வம்சத்தைப் பாருங்கள்.

ஒரு சேவலுக்கு 10 பெட்டை என்றால், நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு தலைமுறைக்குச் சுமார் 14 சதவீதம் ஏறும். பெட்டைகளை 30 ஆக்கினாலும் ஏறக்குறைய 13தான். அதே 30 பெட்டைக்கு 3 சேவல் வைத்தால் 5க்குக் கீழே வந்துவிடும். குஞ்சுகளின் மரபணுவில் பாதி தந்தை வழி வருவது. அந்தப் பாதி முழுவதும் ஒரே சேவலுடையது என்றால் பெட்டைகளைப் பெருக்கிப் பயனில்லை.

ஆகவே மூன்று கூடு, கூட்டுக்கு ஒரு சேவல், 10 பெட்டை. முதல் கூட்டின் மகன் இரண்டாவதற்கு, இரண்டாவதன் மகன் மூன்றாவதற்கு, மூன்றாவதன் மகன் முதலாவதற்கு. பெட்டைகள் பிறந்த கூட்டிலேயே இருக்கட்டும். கூட்டுக்கு ஒரு நிறத்தில் கால் வளையம் போட்டால் குழப்பம் வராது. சேவலை மாற்றியதும் மூன்று வாரத்து முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

எடைக்குத் தேர்வது எளிது. ஒரே ஈட்டில் பொரித்தவற்றை 12 வாரத்தில் நிறுத்து, எடையில் மேலே நிற்பவற்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். அதிக முட்டையிடும் குணம் அப்படி எளிதில் குஞ்சுகளுக்கு இறங்குவதில்லை. சேவலோ முட்டையிடுவதே இல்லை. அதன் தாயும் சகோதரிகளும் இட்ட கணக்கு நோட்டில் இருந்தால்தான் தேர்வு சரியாகும். ஆனால் நடப்பது என்ன? கனத்த சேவல் பண்டிகைக்கு விலைபோகிறது, மிஞ்சியது தகப்பனாகிறது. இது தலைகீழான தேர்வு. முட்டையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தால் அடைகாக்கும் குணமும் மெல்லக் குறையும். பொரிப்பான் இல்லாத வீட்டுக்கு அது இழப்பு.

கழுத்தறுத்தானை நோய்க்கோழி என்று கழித்துவிடாதீர்கள். கழுத்தில் இறகில்லாமல் செய்யும் மரபணு உடலின் மொத்த இறகையும் குறைக்கிறது, கோடையில் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. கழுத்தின் முன்புறம் சிறு இறகுக்கொத்து இருந்தால் அந்த மரபணு அதற்குத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டுமே வந்திருக்கிறது; சாதாரணக் கோழியோடு இணைத்தால் பாதிக் குஞ்சு கழுத்தறுத்தானாக வரும். அந்தக் குஞ்சுகளுக்குக் குளிர் தாங்காது, பல்பு வெப்பத்தைச் சில நாள் கூடுதலாகக் கொடுங்கள்.