புது ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் ஏன் கிராஷ் ஆகுது?

ரேம் அப்கிரேடு பண்ணின பிறகு புளூ ஸ்கிரீன் வந்தா எல்லாரும் உடனே சொல்றது, ரேம் ஸ்டிக் ஃபால்ட்டு, திருப்பிக் குடுத்துடுங்கன்றதுதான். சில சமயம் அது உண்மையாவே இருக்கும். ஆனா ஸ்டிக் நல்லா இருந்தும் கிராஷ் ஆகுறது ரொம்ப சகஜம், ஏன்னா ரேம் தனியா வேலை செய்ற பொருள் கிடையாது, சிபியூவுக்குள்ள மெமரி கன்ட்ரோலர்னு ஒரு பகுதி இருக்கு, அதோட ரேம் நேரம் துளியும் தப்பாம டேட்டாவைக் குடுத்து வாங்கிக்கிட்டே இருக்கணும், டிடிஆர்4ங்கிற தலைமுறையில 3200 ஸ்பீடு உள்ள ஸ்டிக்னா ஒவ்வொரு டேட்டா லைன்லயும் நொடிக்கு 320 கோடி பிட். இந்த ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகலைன்னா, தனித்தனியா பார்க்கும்போது எதுலயுமே குறை இருக்காது, ஆனா மெஷின் விழுந்துக்கிட்டே இருக்கும்.

"பயோஸ்ல 16 ஜிபின்னு சரியா காட்டுதே, அப்புறம் என்ன?"ன்னு கேப்பாங்க. அது ஒண்ணையும் நிரூபிக்காது. ஒவ்வொரு ஸ்டிக்லயும் எஸ்பிடின்னு ஒரு குட்டி சிப் இருக்கு, நான் இவ்வளவு சைஸ், இவ்வளவு ஸ்பீடு, இந்த டைமிங்னு அதுல எழுதி வச்சிருக்கும், பயோஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற புரோகிராம், அதைப் படிச்சுத்தான் அந்த நம்பரைக் காட்டுது. 16 ஜிபின்னா 13,700 கோடிக்கும் மேல பிட்டுங்க, ஆன் ஆகுற அந்தக் கொஞ்ச நேரத்துல அத்தனையையும் அது ஒழுங்கா சோதிக்கிறதில்ல.

ரேம்ல ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு செல். ஐபிஎம்ல வேலை பார்த்த ராபர்ட் டெனார்டு 1968ல பேட்டன்ட் வாங்கின ஐடியா இது, இன்னைக்கு டிடிஆர்5லயும் அடிப்படை அதேதான். கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கா இல்லையாங்கிறதுதான் 1, 0. ஆனா அது ஓட்டைக் குடம் மாதிரி, ஊத்தி வச்சது ஒழுகிக்கிட்டே இருக்கும், அதனால டிடிஆர்4ல 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா வரிசையையும் ஒரு தடவை படிச்சுத் திரும்ப நிரப்பியாகணும். சூடு ஏறினா இன்னும் வேகமா ஒழுகும், 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினா 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை நிரப்பணும்னே வச்சிருக்காங்க. பிரவுசர் திறந்து வச்சா ஒண்ணும் ஆகல, கேம் ஓட்டி கேபினட் சூடானதும்தான் விழுதுன்னா பலவீனமான செல் இருக்க வாய்ப்பு உண்டு.

செல்லை விட அதிகமா தொல்லை குடுக்கிறது டைமிங்தான். 3200 ஸ்பீடுல ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் 0.3125 நானோசெகண்ட். அந்த நேரத்துல மதர்போர்டு லைன்ல சிக்னல் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான் போகும், அதாவது சிபியூல இருந்து ரேம் ஸ்லாட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த பிட்டும் பின்னாடியே கிளம்பிடும்! அதனாலதான் பயோஸ் ஆன் ஆகும்போது மெமரி டிரெயினிங்னு ஒண்ணு பண்ணுது, ஒவ்வொரு லைனுக்கும் சிக்னலை எந்த நொடித்துணுக்குல படிச்சா சரியா வரும்னு தேடிப் பார்த்து செட் பண்ணிக்குது. டிடிஆர்5ல புது ரேம் போட்ட பிறகு முதல் தடவை இதுக்குச் சில நிமிஷம் கூட ஆகலாம், ஸ்கிரீன் கருப்பாவே இருக்கும், தயவுசெஞ்சு பயந்து போய் பவரை ஆஃப் பண்ணிடாதீங்க.

இப்ப பழைய ரெண்டு ஸ்டிக்கோட புதுசா ரெண்டு சேர்த்தா என்ன ஆகும்? ஒரே சேனல்ல, அதாவது சிபியூவுக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்கிற ஒரே டேட்டா பாதையில, ரெண்டு ஸ்டிக் தொங்குறதால சிக்னல் கலங்கும், கன்ட்ரோலருக்கு பாரம் கூடும். ரைசன் 7000 சிபியூங்களுக்கு ஏஎம்டி குடுத்திருக்கிற கணக்கையே பாருங்க, ரெண்டு ஸ்டிக்னா டிடிஆர்5-5200, நாலு ஸ்டிக்னா வெறும் 3600. இதுக்கு மேல எக்ஸ்எம்பி, எக்ஸ்போன்னு பயோஸ்ல இருக்கிற ஸ்பீடு கூட்டுற புரொஃபைலை ஆன் பண்ணியிருந்தா அது ஓவர்கிளாக்கிங், அதாவது நிர்ணயிச்ச ஸ்பீடை விட வேகமா ஓட்டுறது, பாக்ஸ்ல பெருசா போட்டிருக்கிற ஸ்பீடு அந்த கிட், அதாவது சேர்த்து விக்கிற ஸ்டிக் செட், தனியா ஓடும்போது வர்றதுதான், வேற கிட்டோட சேர்ந்தா வரும்னு யாரும் சொல்லல. ஒரே பிராண்டு, ஒரே மாடல்னு வாங்கினாலும் உள்ள இருக்கிற சிப் வேறயா இருக்கலாம். என்னைக் கேட்டா 8 ஜிபி ரெண்டு இருக்கிற இடத்துல இன்னும் ரெண்டு சேர்க்கிறதை விட, 16 ஜிபி ரெண்டு உள்ள ஒரே கிட்டா மாத்திக்கிறது எவ்வளவோ நிம்மதி.

ஒரு பிட் தப்பாச்சுன்னா அது எங்க விழுதுங்கிறதைப் பொறுத்துத்தான் எல்லாமே. ஒரு போட்டோவோட பிக்சல்ல விழுந்தா கண்ணுக்கே தெரியாது, கெர்னல்னு சொல்ற விண்டோஸோட மையப் பகுதியில, மெமரி முகவரி வச்சிருக்கிற பாயின்டர்ல விழுந்தா அடுத்த நிமிஷம் புளூ ஸ்கிரீன். அதனாலதான் இன்னைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு பேஜ் ஃபால்ட், அப்புறம் வேற ஏதோன்னு எரர் மாறி மாறி வரும், அப்படி மாறுறதே ரேம் பக்கம் கை காட்டுற நல்ல அடையாளம். எப்பவும் ஒரே டிரைவர், அதாவது ஏதோ ஒரு பாகத்தை இயக்குற சாஃப்ட்வேர், பேரு வந்தா முதல்ல அந்த டிரைவரைப் பாருங்க. சர்வர்கள்ல இருக்கிற டிடிஆர்4 ஈசிசி ரேம்ல 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலா வச்சு ஒரு பிட் தப்பைத் தானே திருத்திடும், ரெண்டு பிட் தப்புன்னா கண்டுபிடிச்சுச் சொல்லிடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இது சாதாரணமா வந்திருக்கணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். டிடிஆர்5 சிப்புக்குள்ளயே ஒரு ஈசிசி இருக்கு, ஆனா அது சிப்புக்கு உள்ள மட்டும்தான், வழியில கெடுற டேட்டாவைக் காப்பாத்தாது.

சரி, பிரச்சினை வந்தாச்சு. பயோஸ்குள்ள போய் எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க, கிராஷ் நின்னா ஸ்டிக்கைக் குறை சொல்ல வேண்டாம், ஸ்பீடைக் கொஞ்சம் இறக்கி வச்சுக்கலாம், பயோஸ் அப்டேட் பண்ணினாலும் பல நேரம் சரியாகும். நிக்கலையா, பிளக்கைப் பிடுங்கிட்டு ஸ்டிக்கைக் கழட்டி, கிளிக் சத்தம் வர்ற வரைக்கும் நேரா அழுத்தி மாட்டுங்க. ரெண்டு ஸ்டிக்தான்னா பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுல சிபியூல இருந்து ரெண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம், மேனுவல்ல பார்த்துக்கோங்க.

அதுக்கப்புறம் மெமரியைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ங்கிற புரோகிராமை பென் டிரைவ்ல போட்டு அதுலயே பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்க. விண்டோஸ் ஓடாததால கிட்டத்தட்ட மொத்த மெமரியையும் அதால சோதிக்க முடியும், பக்கத்துப் பக்கத்து பிட்டுங்களை வேற வேற மாதிரி எழுதிப் படிச்சு ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்குதான்னும் பார்க்கும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான், ஒண்ணுதானேன்னு விட்டுடாதீங்க. எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா ஒரே ஸ்லாட்ல தனித்தனியா சோதிங்க, பிறகு நல்ல ஸ்டிக்கை வச்சு ஸ்லாட்டுங்களை மாத்தி மாத்திப் பாருங்க. தப்பு ஸ்டிக் கூடவே போச்சுன்னா ஸ்டிக், ஸ்லாட்லயே நின்னா போர்டு. ஒரு சேனல் முழுக்க வேலை செய்யலைன்னா சிபியூ சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கான்னும், கூலரை ரொம்ப இறுக்கி மாட்டியிருக்கான்னும் பாருங்க. ராத்திரி முழுக்க ஓடியும் எரரே இல்லைன்னா பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் பக்கம் தேட வேண்டியதுதான்.

இது முடியுற வரைக்கும் விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணாதீங்க, பழைய பேக்கப் மேல புதுசா எழுதவும் வேண்டாம். டிஸ்க்குக்குப் போற ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாத்தான் போகுது, வழியில ஒரு பிட் மாறினா மாறினபடியே சேவ் ஆயிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ரேம் சரியானதும் விண்டோஸ்லயே இருக்கிற எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டி சிஸ்டம் ஃபைலைச் சரிபார்த்துட்டு, இடைப்பட்ட நாள்ல காப்பி பண்ணின போட்டோ, ஜிப் ஃபைல் எல்லாத்தையும் திறந்து பாருங்க, ஒரிஜினல் இன்னும் கேமராவிலயோ போன்லயோ இருந்தா அதை அழிக்காம அங்க இருந்தே மறுபடி காப்பி எடுத்துக்கோங்க.