கிழக்கு மாகாணம் முழுக்க ஒரு தலைமைத்துவப் பயிற்சி தொடங்கணுமெண்டா எங்க பதியிற, யாரைச் சேர்க்கிற

மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூண்டையும் சேத்து ஒரு தலைமைத்துவப் பயிற்சித் திட்டம் தொடங்கணும், சங்கத் தலைவர்மாரும் வியாபாரம் செய்யிறவங்களும் ஒரே வகுப்புல இரிக்கணும் எண்டு இப்ப கொஞ்சப் பேர் கேக்கிறாங்க. நல்ல விசயம், கட்டாயம் செய்யணும். ஆனா பேனர் அடிக்க முதல் பதிவு விசயத்த விளங்கிக்கொள்ளுங்க, ஏனெண்டா பதிவு சரியில்லாட்டி வங்கிக் கணக்கு, நிதி, மண்டப அனுமதி எல்லாம் அங்கேயே நிண்டுரும்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டம்தான் இதுக்கு முக்கியம். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள்ள மட்டும் வேலை செய்யிறதெண்டா, உதாரணமா களுவாஞ்சிகுடிக்குள்ள மட்டும் எண்டா, அந்தப் பிரதேச செயலகத்திலயே பதியலாம். மாவட்டத்துக்குள்ள பல பிரிவுல எண்டா கச்சேரிக்கு, அதாவது மாவட்ட செயலகத்துக்குப் போகணும், ஒரு மாவட்டத்துக்கு மேல எண்டா கொழும்புல இரிக்கிற தேசிய அரச சார்பற்ற நிறுவனங்கள் செயலகம். அப்ப மாகாணம் முழுக்க எண்டு எழுதினா நேரா கொழும்புதான். யாப்பு (சங்கத்திட சட்டதிட்டம்), நிர்வாக சபை ஆக்கள்ற விபரம், என்ன செய்யப் போறம் எண்ட திட்டம், வரவுசெலவு இதெல்லாத்தையும் முதலே எழுதி வச்சிருங்க, யாப்ப வேற சங்கத்தில இரிந்து பாத்து அப்பிடியே எழுதிப்போடாம நீங்க செய்யப் போற வேலைக்கு ஏத்த மாதிரி எழுதுங்க, பிறகு பிரச்சின வந்தா எல்லாரும் அந்தத் தாளைத்தான் பாப்பாங்க.

இன்னொரு வழி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில இரிக்கிற உத்தரவாதக் கம்பனி. பங்கு கிடையாது, உறுப்பினர் ஒவ்வொருத்தரும் இவ்வளவு தொகைக்குப் பொறுப்பு எண்டு சொல்லிச் சேருறது. வருசா வருசம் கணக்கும் அறிக்கையும் குடுக்கணும், அதால தொடக்கத்தில இது பாரம்.

என்ட எண்ணத்தில முதல் வருசம் ஒரு பிரதேச செயலகத்தில பதிந்து ஒரு வகுப்ப ஒழுங்கா நடத்திக் காட்டிட்டு, பிறகு மாவட்டம், பிறகு மாகாணம் எண்டு போறதுதான் நல்லம். கொழும்புக்குக் கடிதம் எழுதக்குள்ள தமிழ்லயே எழுதுங்க, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழ்ல எழுதவும் தமிழ்ல பதில் எடுக்கவும் உங்களுக்கு உரிமை இரிக்கு.

இனி யாரைச் சேர்க்கிற எண்டது, எனக்கு இதுதான் பெரிய விசயம். தலைமைத்துவம் எண்டு ஹோட்டல்ல ரெண்டு நாள் பேசிச் சான்றிதழ் குடுத்தா அது சுவர்ல தொங்கும், அவ்வளவுதான். நம்மட ஊர்கள்ல சட்டத்தால அதிகாரம் குடுத்த கதிரைகள் ஏற்கெனவே இரிக்கு, அதுல இரிக்கிறவங்களையும் அடுத்ததா இரிக்கப் போறவங்களையும் பாத்து எடுக்கணும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு இரிக்கு, உன்னிச்சைக் குளத்துத் தண்ணி எப்ப திறக்கிற எண்டு பேசுற கூட்டத்தில அவங்களுக்குக் குரல் இரிக்கு, வயலுக்குத் தண்ணி பங்கிட்டுப் பாக்கிற வட்டவிதானைமாரும் அங்கதான். பிறகு கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம். பிரதேச சபைச் சட்டத்தில, அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், சபையின் குழுக்களுக்கு உறுப்பினர் இல்லாத ஊராக்களையும் எடுக்கலாம் எண்டு இரிக்கு, இது கன பேருக்குத் தெரியாது, பயிற்சி எடுத்த ஒருத்தர் தேர்தல்ல நிக்காமலே சபையோட வேலை செய்ய இது ஒரு வாசல். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்துக்கு வந்த 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தோட உள்ளூராட்சி சபைகள்ல பெண்களுக்கு 25 சதவீத இடம் எண்டு வந்திச்சு, அதால மாதர் சங்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் நான் முதல் இடம் குடுக்கச் சொல்லுவன்.

பாடத்தில என்ன வரணும் எண்டா ஒரு சின்ன உதாரணம் சொல்லுறன். மாதர் சங்கச் செயலாளர் ஒராள்ற கூட்டறிக்கைக் கொப்பிய எடுத்துப் பாருங்க, கன இடத்தில "கூட்டம் நல்லபடி நடந்தது, தேநீர் வழங்கப்பட்டது" எண்டுதான் இரிக்கும், சுழற்சிக் கடன் யாருக்குக் குடுக்கிற எண்டு யார் பிரேரிச்ச, யார் ஆமோதிச்ச எண்டு ஒரு வரியும் இரிக்காது. பிறகு உத்தியோகத்தர் வந்து தீர்மானத்தக் காட்டுங்க எண்டு கேட்டா, நேர்மையா நடந்த சங்கம் கூடக் கள்ளச் சங்கம் மாதிரி தெரியும். அறிக்கை எழுதுறது, காசுப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் ஒத்துப் பாக்கிறது, பொதுக்கூட்டத்தில கேள்வி கேக்கிற ஆளைப் பகையாளியா நினைக்காம பதில் சொல்லுறது, இதெல்லாம் தலைமைத்துவம்தான், இத ரெண்டு நாள் முழுக்கச் செய்ய வச்சே பழக்கணும்.

வியாபாரப் பக்கம் எடுத்தா மருதமுனையில கைத்தறி வச்சிருக்கிறவங்க, ஏறாவூர்ப்பற்றுப் பக்கம் தயிர் போட்டு விக்கிறவங்க, வாழைச்சேனை அரிசி ஆலைக்காரர் இப்பிடி எடுங்க, பெரிய கடை முதலாளிமார் மட்டும் வேணாம். வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லாதவங்களையும் சேருங்க, வகுப்பு முடியிறதுக்குள்ள பதிந்து குடுத்தா அவங்களுக்கு அதுவே பெரிய உதவி. 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பிரதேச செயலகங்கள்ல உத்தியோகத்தர்மார் இரிக்கிறாங்க, அவங்களையும் முதலே போய்ச் சந்தியுங்க.

அம்பாறையையும் சேர்க்கிறதெண்டா உகணை, தமணைப் பக்கம் சிங்கள ஆக்கள், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் தமிழ் பேசுறவங்க, அப்ப மொழிபெயர்ப்புக்கும் வரவுசெலவுல காசு போடணும், இல்லாட்டி பாதிப் பேர் வாய் திறக்காம போயிருவாங்க. வெள்ளிக்கிழமை பகல், நோன்பு மாசம், வைகாசி அம்மன் சடங்கு, விதைப்பு, வெட்டு இந்த நாளெல்லாம் வகுப்பு வேணாம்.

எந்தச் சங்கம் உயிரோட இரிக்கு எண்டு தெரியாட்டி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ பிரதேச செயலகத்துத் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்க. பதிவான சங்கங்கள்ற பட்டியல், கடைசியாப் பொதுக்கூட்டம் நடந்த திகதி, இந்த ரெண்டையும் கேளுங்க. குடுக்கிறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும், அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு யாருக்கு அழைப்பு அனுப்புற எண்டு முடிவெடுங்க.