உடைத்துத் திறக்கலாம், மறைத்துத் திறக்க முடியாது

நினைவிழந்து கிடப்பவரிடம் அனுமதி கேட்க முடியாதே, அவசரப் பிரிவு மருத்துவர் கணினியிலுள்ள அவருடைய மருத்துவக் கோப்பை எப்படித் திறப்பார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

சாதாரண நாளில் விதி எளிது: அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் பார்க்கலாம். மருந்தாளருக்கு மருந்துப் பட்டியல், பதிவு முகப்பில் இருப்பவருக்கு முகவரியும் சந்திப்பு நேரமும். அவசரத்துக்கென்று 'பிரேக் கிளாஸ்' வழி உண்டு. தீயெச்சரிக்கைப் பெட்டிக் கண்ணாடியை உடைப்பது போல. மருத்துவர் காரணத்தைக் குறித்து, கடவுச்சொல்லை மீண்டும் தட்டினால் கோப்பு திறக்கும். கூடவே தணிக்கையாளருக்குத் தகவல் போகும்.

யார், எப்போது, எந்தக் கணினியில், எதைப் பார்த்தார் என்று லாக்கில், அதாவது கணினியின் பதிவேட்டில், ஒரு வரி விழும். அந்த வரியைக் கணினி நிர்வாகியே திருத்திவிட்டால்? இங்கேதான் அழகு. ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரியின் ஹேஷோடு (வரியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற குறியீடு) சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்குமுறையில் போடுவார்கள். எவ்வளவு போட்டாலும் வெளிவருவது 256 பிட்தான் (ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1); பதினாறடிமான எண்ணில் எழுதினால் 64 குறிகள். உள்ளே 2.14 மணியை 2.15 ஆக்கினால் போதும், ஏறத்தாழப் பாதி பிட்டுகள் புரண்டுவிடும். 500ஆம் வரியில் கைவைத்தால் 501 பொருந்தாது. அதையும் சரிக்கட்டினால் 502 காட்டிக்கொடுக்கும். தேக்கா பூக்கடையில் கட்டிய சரத்தின் நடுவே ஒரு பூவை உருவிப் பாருங்கள், அந்த இடம் தொளதொளத்துவிடும்.

முழு அதிகாரம் உள்ளவர் 500 முதல் கடைசி வரை மறுபடி கணக்கிடலாமே? தாராளமாக, சில நொடி வேலை. அதனால்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கடைசி ஹேஷை அவர் கைக்கு எட்டாத வேறொரு சர்வரில், எழுதினால் அழிக்க முடியாத சேமிப்பில் வைக்க வேண்டும். அங்கிருப்பதோடு ஒப்பிட்டால் குட்டு உடையும்.

ஆனால் லாக்கை யாராவது வாசிக்க வேண்டுமே! 2018ல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் களவுபோயின. சந்தேகத்துக்குரிய நுழைவு முயற்சிகள் ஊழியர் கண்ணில் ஜூன் மாதமே பட்டிருந்தன; மேலிடத்துக்குச் சொல்லத் தாமதமானதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. லாக் பார்க்க ஆள் போடாமல் வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் இன்னொன்று வாங்குவது, என்னைக் கேட்டால், தண்டச் செலவு.

ஹேஷ் பிடிக்காத தப்பும் உண்டு. வார்டில் தாதி ஒருவர் வெளியேறாமல் விட்டுப்போன திரையில் வேறொருவர் பார்த்தால், தவறான பெயரைத்தான் இந்த ஹேஷ் சங்கிலி பத்திரமாகக் காக்கும். அதற்கு மருந்து வேறு: பணியாளர் அட்டையை ரீடரிலிருந்து உருவியதும் திரை தானே பூட்டிக்கொள்ள வேண்டும்.