மருந்து இடைவினை: ‘முறிக்கும்’ என்பது பாதிப் பொருள்தான்

யாங்கோனில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒரு படம் தொங்கும். எதை எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று ஜோடி ஜோடியாக வரைந்திருப்பார்கள். மங்குஸ்தானும் சர்க்கரையும் அதில் ஒரு ஜோடி. பர்மியர் இதை ‘மத்தெ’ என்பார்கள். நம் பேச்சில் ‘சேராது’. மருந்து என்று வந்துவிட்டால் மட்டும் நம்மவர்கள் ‘முறிக்கும்’ என்பார்கள். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பதுபோல. ஒரு மருந்து இன்னொரு மருந்தின் வேலையை மாற்றுவதை ஆங்கிலத்தில் ‘டிரக் இன்டராக்‌ஷன்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘முறிக்கும்’ போதுமா?

சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் மெர்காப்டோபியூரின், கீமோ மாத்திரை. ஒருநாள் கால் கட்டைவிரல் சிவந்து வீங்க, அலமாரியில் கிடந்த பழைய அலோபியூரினால் அட்டையை, மூட்டு வீக்க மாத்திரையை, எடுத்தார். சித்தி கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணை ஒண்ணு முறிச்சிடுமோ?” என்றார். தடுத்தது நல்லதாயிற்று. ஆனால் நடக்க இருந்தது முறிவுக்கு நேர்மாறு.

மூட்டை வீங்கவைக்கும் யூரிக் அமிலத்தை உடலில் உண்டாக்கும் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதிதான் மெர்காப்டோபியூரினையும் சிதைக்கிறது. அலோபியூரினால் அந்த நொதியைக் கட்டிப்போடும். யூரிக் அமிலம் குறையும், சரி. கூடவே கீமோ மருந்து சிதையாமல் உடலில் ஏறிக்கொண்டே போகும். எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளணுக்கள் சரியும். அப்போது வரும் தொற்று உயிரையே வாங்கலாம். இரண்டையும் கொடுத்தே ஆகவேண்டிய நிலையில் மருத்துவர்கள் மெர்காப்டோபியூரின் அளவை மூன்றில் ஒன்று, அல்லது நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டுமே ஒரே ஆய்வுக்கூடத்தில் மருந்தாக வளர்ந்தவை. 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் அலோபியூரினாலை முதலில் சோதித்ததே, மெர்காப்டோபியூரின் சீக்கிரம் சிதையாமல் இருக்கத்தான். மூட்டு வீக்கத்துக்கு அது மருந்தானது அப்புறம்.

ஆகவே ‘முறிவு’ என்ற சொல் இங்கே போதாது. ஆங்கிலத்தின் ‘இன்டராக்‌ஷன்’ இலத்தீன் வேரிலிருந்து வந்தது: ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ஆக்டியோ’ என்றால் செயல். இடை, வினை என்று தமிழிலும் அப்படியே பொருந்துகிறது. நல்வினை, தீவினை இரண்டுக்கும் பொதுவான சொல் வினை. மருந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ‘இடைவினை’ தாங்கும். சிலர் ‘எதிர்வினை’ என்று எழுதுகிறார்கள். அது ‘ரியாக்‌ஷன்’, ஒரே மருந்தாலும் வரும். ‘பக்க விளைவு’ம் அப்படியே.

எழுத்தில் நான் ‘மருந்து இடைவினை’ என்றே எழுதுகிறேன். சித்தியிடம் சொன்னது: “ரெண்டும் சேராது சித்தி. டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.” அவர் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த அட்டையைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார், டாக்டரிடம் காட்ட.