ஃபெல்ட் கழுவ என்சைமா? முதலில் அழுக்கு எதுவென்று பாருங்கள்

கழிவுக் காகிதத்தில் கிராஃப்ட் (பழுப்பு நிறப் பெட்டிக் காகிதம்) ஓட்டும் மில்களில் இப்போது எல்லோரும் கேட்பது இதுதான்: "காஸ்டிக் சோடாவுக்குப் பதில் என்சைம் போட்டால் ஃபெல்ட் சுத்தமாகுமா சார்?" ஃபெல்ட் என்பது மெஷினில் ஈரக் காகிதத்தைச் சுமந்து பிழியும் துணி. சுத்தமாகும். ஆனால் எல்லா அழுக்கும் போகாது.

கூழிலிருந்து நீரை வடிக்கும் வலைத்துணியான வயர் பெரும்பாலும் பாலியஸ்டர், ஃபெல்ட் நைலான். சூடான காஸ்டிக் பாலியஸ்டரை அரிக்கும். குளோரினும் வலுவான அமிலமும் நைலானுக்கு ஆகாது. அழுக்கோடு துணியின் ஆயுளும் கரைகிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. காகிதத்தை உலர்த்தும் கொதிக்கும் டிரையருக்குப் பக்கத்தில் அதைச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

என்சைம் மிதமான பிஎச்சில் வேலை செய்வதால் இழைக்கு அவ்வளவு சேதமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலைதான். ஸ்டார்ச்சுக்கு அமைலேஸ். மரக்கூழின் பிசினில் உள்ள கொழுப்புக்கு லைபேஸ். ஜப்பானிய மில்கள் 1990ஐ ஒட்டியே இதைப் பயன்படுத்தத் தொடங்கின. லேபிள், கவர் பசையில் வரும் பாலிவினைல் அசிட்டேட்டை எஸ்டரேஸ் உடைத்து ஒட்டும் தன்மையைக் குறைக்கும். இதைக் கூழிலேயே சேர்க்கும் முறைக்காக பக்மேன் நிறுவனம் 2004ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது பெற்றது. மெழுகு மசியாது. சுண்ணாம்புப் படிவுக்கோ அமிலம்தான் கதி.

அதனால் ஆர்டர் போடும் முன் ஃபெல்ட்டில் கொஞ்சம் சுரண்டி எடுங்கள். ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. சுரண்டியதில் இன்னொரு துளியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள், நுரைத்தால் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. அட்டைப்பெட்டிக் கழிவு ஓட்டும் இடத்தில் இரண்டுமே வரலாம். அப்போது ஒரே மருந்தில் முடிக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வாங்கியாயிற்று. ஃபெல்ட்டைக் கழுவும் ஷவர் தண்ணீரில் குளோரின் போகிறதா? முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போட்ட என்சைம் அங்கேயே செத்துப்போகும். கொதிநீரும் அப்படித்தான். காஸ்டிக் மாதிரி சட்டென்று வேலை முடியாது, ஊற நேரம் வேண்டும். ஷட் டவுன் நேரத்திலேயே அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. என்சைம் ஒரு புரதம். அதன் தூளோ சாரலோ மூச்சில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். 1960களின் கடைசியில் சலவைத்தூள் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இது தெரியவந்தது. ஆகவே ஹை பிரஷர் ஷவரில் என்சைமைக் கலக்காதீர்கள். குறைந்த அழுத்தத்திலோ நுரையாகவோ போடுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, தகுந்த சுவாச மாஸ்க் வேண்டும். ஒருவருக்கு இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் மிகச் சிறிய அளவே அவருக்கு இழுப்பைக் கொண்டுவரும். அவரை அந்த வேலையிலிருந்து மாற்றத்தான் வேண்டும்.