மூக்கில் பட்டி பூசிய டைனோசர்

1996-இல் ஒரு டைனோசருக்கு ‘இரிட்டேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். எரிச்சலூட்டுவது என்று பொருள். எரிச்சல் டைனோசர் மீது இல்லை, அதை விற்றவர்கள் மீது. பிரேசிலின் வடகிழக்கில் கிடைத்த அந்த மண்டையோட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் மூக்கின் ஒரு பகுதி எலும்பே இல்லை என்று தெரிந்தது. காரில் விழுந்த நெளிசலை அடைக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டியை அப்பி யாரோ மூக்கை நீட்டி விட்டிருந்தார்கள். முழுசாகத் தெரிந்தால் விலை ஏறுமல்லவா?

ஆனால் மண்டையோடு அசல். இணையத்தில் புதைபடிவம் வாங்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். முழுப் பொய்யைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முக்கால் உண்மையில் கால் பொய்யை ஒட்டி வைத்திருந்தால்தான் கண் ஏமாறும்.

டிரைலோபைட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன கடல் உயிரி. இன்று விற்பனைக்கு வருபவற்றில் ஏராளமானவை மொராக்கோவிலிருந்து வருகின்றன. அங்கே சுண்ணாம்புக் கல்லைச் சுத்தியலால் பிளப்பார்கள். பிளந்த இடத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு மெல்லிய கோடாகத் தெரிந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பாதிகளையும் பசை போட்டு ஒட்டி, பிறகு ஊசிமுனைக் கருவியால் மேலே மூடியிருக்கும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுப்பார்கள். முள் நிறைந்த வகை என்றால் ஒரே ஒரு துண்டுக்குப் பல நாள் வேலை.

ஆகவே அசல் துண்டில் பெரும்பாலும் ஒரு விரிசல் கோடு இருக்கும். அது கல்லில் ஆரம்பித்து, உயிரியின் முதுகைக் குறுக்காகத் தாண்டி, மறுபக்கம் கல்லிலேயே போய் முடியும். பலர் இதைப் பார்த்து ‘ஐயோ, உடைந்த சரக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் நிம்மதி. போலியிலோ கோடு வேறு மாதிரி ஓடும். உயிரியைச் சுற்றி வட்டமடித்து, பதக்கத்தில் கல் பதித்ததுபோல ஒரு விளிம்பு தெரியும். ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த டிரைலோபைட்டைக் கல்லில் குடைந்த குழியில் உட்கார வைத்து, இடைவெளியைப் பசையும் கல்மாவும் குழைத்து அடைத்திருப்பார்கள்.

விளம்பரத்தில் இருக்கும் படத்தை இன்னும் பெரிதாக்குங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாய், கச்சிதமான வட்டக் குழிகள் தெரிகின்றனவா? ரெசின் ஊற்றும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் அவை. சுண்ணாம்புக் கல்லுக்கு அப்படி உருண்டையாகக் குழி விழுவது அபூர்வம். அடுத்து கண். ஃபேகாப்ஸ் போன்ற வகைகளின் கண்ணில் கால்சைட் படிகத்தாலான வில்லைகள் வரிசை வரிசையாக இருக்கும். மட்டமான வார்ப்பில் அந்த வரிசை குழைந்து வெறும் மேடாகிவிடும். நல்ல அச்சென்றால் கண்ணும் சரியாகவே விழும், ஆகவே இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் அச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஒன்றோடு நிற்காது. அதே வளைவு, அதே இடத்தில் ஒடிந்த முள், இரண்டு விளம்பரங்களில் இரண்டு வெவ்வேறு துண்டுகளாக வந்தால் கதை முடிந்தது.

மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும் மோசசோர் தாடைகள் இன்னொரு ரகம். மோசசோர் என்பது டைனோசர் காலத்துக் கடல் பல்லி. பல் ஒவ்வொன்றும் அசல், தாடைதான் மணலும் பசையும். உண்மையான எலும்பு உடைந்த இடத்தில் பஞ்சுபோல நுண்துளைகள் தெரியும். இங்கே தெரிவது ஒரே சீரான மணல்துகள்.

அம்பரில், அதாவது கல்போல இறுகிப்போன பழங்கால மரப்பிசினில், ஏமாந்தவர்கள் பட்டியலில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமே இருக்கிறது. அங்கே 1922 முதல் இருந்த ஒரு பால்டிக் அம்பர் துண்டுக்குள் ஓர் ஈ. கோடிக்கணக்கான ஆண்டு பழைய ஈ, இன்றைய ஈயைப் போலவே இருக்கிறதே என்று எல்லோரும் வியந்தார்கள். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தெரிய ஆரம்பித்தது. யாரோ அம்பரை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, சாதாரண ஈ ஒன்றை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள். இன்றைய ஈயைப் போலவே இருந்ததில் ஆச்சரியமே இல்லை!

அம்பர் மரப்பிசின்தானே. உப்பைக் கரையும்வரை கரைத்த தண்ணீரில் அது மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கும் மிதக்கும், கோபால் எனப்படும் இளம் பிசினும் மிதக்கும். கோபால்மீது ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் பிசுபிசுக்கும், அம்பர் பெரும்பாலும் அசையாது. இதெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகு. படத்தில் பார்க்க வேண்டியது பூச்சி கிடக்கும் கோலத்தை. பிசினில் சிக்கிய பூச்சி திமிறியிருக்கும். கால் கோணி, இறக்கை மடங்கி, ஏதோ ஓர் ஓரத்தில் கிடக்கும். பெரிய தேள் ஒன்று நட்டநடுவில், எட்டுக் காலும் பரப்பி, புகைப்படத்துக்கு நிற்பதுபோல இருந்தால் அது பிளாஸ்டிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, கையில் தொடாமல் வேறு என்ன செய்யலாம்? விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்பக்கம், பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் அடித்து ஒன்று, புற ஊதா டார்ச் அடித்து ஒன்று. எபாக்சி போன்ற பசைகள் பல, புற ஊதாவில் நீலவெண்மையாக ஒளிரும். சில கால்சைட்டும் ஒளிரும் என்பதால், ஒளிர்கிறதா என்பதைவிட ஒளிர்வு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதி முள் ஒளிர்ந்து, ஒரு கோட்டுக்கு அப்பால் சட்டென்று மங்கினால் அங்கே ஒட்டு வேலை நடந்திருக்கிறது.

ஒட்டு வேலை எல்லாமே மோசடி ஆகிவிடாது. அருங்காட்சியகங்களிலும் விடுபட்ட பகுதிகளை நிரப்பித்தான் வைக்கிறார்கள், ஆனால் எது நிரப்பியது என்று சொல்லிவிடுகிறார்கள். ‘எத்தனை சதவீதம் அசல், எங்கெங்கே நிரப்பியிருக்கிறீர்கள், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது’ என்று கேட்டால், நல்ல வியாபாரி படத்தில் அம்புக்குறி போட்டே அனுப்புவார். சிலர் ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற வரியையே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். ஏற்றுமதி அனுமதி பற்றியும் கேட்டுவிடுங்கள். பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அங்கிருந்து வரும் துண்டு அசலாக இருந்தால்தான் சிக்கலே.

முதல்முறை வாங்குபவர் என்றால் எல்ராதியாவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குவியல் குவியலாகக் கிடைக்கும் டிரைலோபைட் அது. கறுப்பாக, விரல்நுனி அளவில், பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். அச்சு எடுத்து ரெசின் ஊற்றிச் சாயம் அடிக்கிற செலவைவிட, பாறையிலிருந்து அதைப் பெயர்த்து எடுப்பதே மலிவு.